கை எட்டாத இடம்

“இந்தத் தைலத்தை தினமும் நடு முதுகுல தேய்க்கணும். உங்க கை எட்டாது. தேய்ச்சு விட ஆள் இல்லேன்னா, வண்டி ஓட்ட சர்ட்டிபிகேட் தரமாட்டேன்,” என்றார் டாக்டர்.

“வீட்டுக்காரி இருக்கா சார்,” என்றார் டிரைவர். இருபது வருஷம் டிப்பர் லாரியில் குலுங்கிக் குலுங்கியே முதுகு போனவர்.

ஒரு மாதம் கழித்து முதுகை அழுத்திப் பார்த்த டாக்டர் அசந்துபோனார்.

“பரவாயில்லையே! பாதி வலி இறங்கிடுச்சே!”

“மேல, கீழன்னு நான் சொல்லச் சொல்ல, அப்படியே கேப்பா சார்.”

“குடுத்து வெச்சவர்யா நீங்க! ஒருநாள் அவங்களைக் கூட்டிட்டு வாங்க. மத்த டிரைவருங்க வீட்டுலயும் கத்துக்கட்டும்.”

“ஐயோ, கூச்சப்படுவா சார். வெளியவே வரமாட்டா.”

சிரித்துக்கொண்டே டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

டிரைவர் வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்தார். மனைவி இறந்தபின் இந்த ஆறு வருஷமாக அவரே பூட்டி, அவரே திறக்கும் வீடு. சட்டையைக் கழற்றினார்.

சமையலறைச் சுவரில் முதுகளவுக்கு ஓர் எண்ணெய்க் கறை. அதன்மேல் தைலத்தை அள்ளிப் பூசிவிட்டு, திரும்பிச் சாய்ந்தார்.

“இன்னும் கொஞ்சம் மேல,” என்றார்.

சொல்லிவிட்டு, அவரே முழங்காலை மடக்கிக் கொஞ்சம் இறங்கிக்கொண்டார்.