வாழ்த்துச் சொன்ன கதவு

ஆய்வகக் கதவு நாடி பார்த்துத்தான் திறக்கும். கருவுற்றவளைப் பாதுகாப்பு என்று சொல்லி உள்ளே விடாது. அவளுடைய ஆராய்ச்சியும் வேறொருவர் கைக்குப் போய்விடும். காலைக் குமட்டலைக் கணவனிடம்கூட மறைத்திருந்த பொற்கொடி, விரலைக் கதவில் வைத்தாள்.

"வாழ்த்துகள், அம்மா. ஓய்வெடுங்கள்."

கதவு திறக்கவில்லை.

அதே ஆய்வகத்தில் வேலை செய்யும் கணவன் செழியன் பின்னால் நின்றான். "ஏன் கொடி, இதைக் கதவு சொல்லியா எனக்குத் தெரியணும்?" என்று சிரித்துக்கொண்டே, பழக்கத்தில் தன் விரலை வைத்துவிட்டான்.

கதவு திறந்தது. "வாருங்கள், ஐயா. உங்கள் மனைவியின் ஆராய்ச்சி இனி உங்களுடையது."

அவன் சிரிப்பு நின்றது. "நான் போகல."

"நீங்க போகலைன்னா நான் வளர்த்த செல்லெல்லாம் செத்துடும். காசநோய்க்கு நான் தேடுற புது மருந்தும் இல்லாமப் போயிடும். போங்க," என்று அவன் கையைப் பிடித்துக் கதவை நோக்கி இழுத்தாள்.

பிடித்திருந்த அவன் கையை மட்டும் அவளால் விட முடியவில்லை.