செண்பகவல்லியின் கைரேகை

இரண்டு நாடுகளுக்குள் வர்த்தகச் சண்டை மூண்டால், முதலில் அடிபட்ட குடும்பம் கைரேகை வைத்த பிறகுதான் சமரசம் செல்லும் என்று சட்டம் வந்திருந்தது. அதனால்தான் அந்த வெளிநாட்டுத் தூதர் வேதாரண்யத்தில், இறால் பண்ணைக்காரி செண்பகவல்லியின் வீட்டில், பிளாஸ்டிக் நாற்காலியில் வியர்த்து வழிய உட்கார்ந்திருந்தார்.

“ரேகை வச்சீங்கன்னா நாளைக்கே நம்ம ஊரு இறால் கப்பலேறிடும்மா,” என்றார் கூட வந்த நம் நாட்டு அதிகாரி.

“எங்க இறால்ல நஞ்சுன்னு சொல்லித் திருப்பி அனுப்புனது பொய்னு இவர் எழுதித் தரட்டும்.”

அதிகாரி பதறினார். எந்த நாடும் அப்படி எழுதித் தந்ததில்லை. ஆனால் பதிலடியாக இந்தியா நிறுத்திவைத்த மருந்துகளுக்காகத் தூதரின் நாட்டில் மருத்துவமனைகள் தவித்துக்கொண்டிருந்தன. தூதர் வெகுநேரம் போனில் பேசினார். பிறகு எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

செண்பகவல்லி அதை இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டாள். நெஞ்சு குளிர்ந்தது. ஆனாலும் போதவில்லை.

“உங்க துறைமுகத்துல எங்க இறால் கண்டெய்னர் பதினோரு நாள் கரண்டு இல்லாம கெடந்து அத்தனையும் அழுகிப்போச்சு. பன்னெண்டாம் நாள் என் வீட்டுக்காரர் நெஞ்சு வெடிச்சு செத்தாரு. நீங்களும் பதினோரு நாள் காத்திருங்க. அப்புறம் ரேகை வைக்கிறேன்.”

தூதர் தலைகுனிந்து வெளியேறினார். வாசலில் கூடிநின்ற ஊர்க்காரர்களை விலக்கிக்கொண்டு அவள் தம்பி மதியழகன் ஓடிவந்தான்.

“அக்கா, என் இறால் குட்டையில நோய் விழுந்திருச்சு. நாளைக்கே புடிச்சுக் கப்பல்ல ஏத்தலேன்னா எல்லாம் செத்து மெதக்கும்க்கா!”

“தெரியும்டா,” என்று கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.