பன்னெண்டாவது டேக்

“திரும்பவும் ஒங்கட அம்மா கேமராவப் பாத்துச் சிரிச்சிட்டாங்க. இனி ஏலாது தங்கச்சி,” உதவி டைரக்டர் ஸிபான் தலையில கைய வச்சிட்டாரு.

யூனிட்ல வேல பாக்குற துஷானிக்கு மானமே போச்சு. ஹந்தானைத் தேயிலத் தோட்டத்துல ஷூட்டிங்னதும், அங்க லயத்து வீடுகள்ல இருக்கிற சொந்த ஆளுங்கள நடிக்கக் கூட்டிட்டு வந்தது அவதான். காமெடிப் படம். கதப்படி, வேண்டா வெறுப்பா உதவி செய்ய வந்த நாலு வெள்ளக்காரங்க மொணங்கிக்கிட்டே கான், அதான் வாய்க்கா, வெட்டணும். பின்னால அம்மா இரத்தினம்மா கொழுந்துக் கூடையோட நடந்து போகணும். அவ்வளவுதான்.

அம்மா சிரிக்கச் சிரிக்க, ஒவ்வொரு டேக்குக்கும் வெட்டாத நெலம் வேணும்னு பத்தடி தள்ளித் தள்ளி வெட்டினாங்க. நடிகருங்க நெசமாவே மொணங்க ஆரம்பிச்சிட்டாங்க.

“அம்மா, இன்னொரு தடவ சிரிச்சா என் வேல போயிரும்.”

“அந்தக் கொய்யா மரம் வரைக்கும்தான்டி. அப்புறம் சிரிக்கவே மாட்டேன்.”

சொன்ன மாதிரியே பன்னெண்டாவது டேக்ல அம்மா அமைதியா நடந்தாங்க. நடிகருங்க மொகத்துல சலிப்பு அச்சு அசலா இருக்குன்னு டைரக்டருக்கு ஒரே சந்தோஷம்.

“கான நாங்க மூடித் தாறோம்,” ஸிபான் சொன்னாரு.

“வேணாம் தம்பி, நாங்களே மூடிக்கிறோம்,” அம்மா தடுத்துட்டாங்க.

யூனிட் வேன் கெளம்பினதும், லயத்து ஆம்பளைங்க தண்ணிக் குழாயத் தூக்கிட்டு வந்தாங்க. கான் வெட்ட ஆள் வரும் வரும்னு மூணு வருஷமா அந்தக் குழாய் சும்மா கெடந்துச்சு.

துஷானி அப்பதான் கானப் பாத்தா. காலையில ‘இங்கேருந்து வெட்டச் சொல்லுங்க’ன்னு அம்மா கை காட்டின ஊத்துல தொடங்கி, லயத்து வாசக் கொய்யா மரத்துல வந்து நிக்குது.

இப்ப சொல்லுங்க, அந்தப் படத்த எடுத்தது யாருன்னு நெனைக்கிறீங்க?