ரிசப்ஷன் விளக்கு

குத்துக்கல்வலசை வீட்டில் அந்த மத்தியானம் இருந்தவர்கள்: மாரிச்செல்வம், அவன் மனைவி முத்துலட்சுமி, காலையில் தாலி ஏறிய மகள் ஜெயபிரியா, வாசல் பந்தலில் மாரிச்செல்வத்தோடு வந்திருந்த இரண்டு பேர்.

மாரிச்செல்வம் பிளாஸ்டிக் டப்பாக்களை ஒவ்வொன்றாகத் தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருந்தான். உள்ளே பல்பு வைத்து, சாயங்கால ரிசப்ஷனுக்குப் பந்தலில் தொங்கவிட வேண்டும்.

“ஒண்ணுமே மாறலயேப்பா. கண்ணாடி மாதிரிதான் தெரியுது.”

“ஈரம் காயட்டும் தாயி, பனி படிஞ்ச மாதிரி வெளுத்துரும். வெளிச்சம் கண்ணைக் குத்தாது.”

“யாரு சொல்லித் தந்தா?”

“அங்கன கூட இருக்கவரு.”

முத்துலட்சுமி பக்கத்தில் வந்து நின்றாள். “என்னா நிதானமாத் தேய்க்காரு பாரு! இந்த நிதானம் அன்னைக்குக் குத்தாலத்துக் கடையில இருந்திருக்கணும்.”

அவன் டப்பாவைத் திருப்பிப் பிடித்துத் தேய்த்தான். அன்றைக்குக் கடையில் ஒருத்தன் மேல் ஓங்கியதும் இதே கைதான்.

“எரியுததைப் பாத்துட்டுப் போங்கப்பா.”

“இருட்டுததுக்குள்ள அங்கன நிக்கணும்ட்டி.”

பந்தலில் இருந்தவர்களில் மூத்தவர் எழுந்து வந்தார். “கெளம்புவோமா மாரிச்செல்வம்? மாப்பிள்ளை வீட்டாரு முன்னால சங்கடம் வேண்டாம்னுதான் காக்கி போடாம வந்தோம். பரோல் முடியுதுல்லா.”

மாரிச்செல்வம் கடைசி டப்பாவை மகளிடம் கொடுத்தான். “எரியும்போது போட்டோ எடுத்து வை. மனு போட்டு என்னைப் பாக்க வரும்போது கொண்டா.”

பந்தலில் விளக்குகளைப் போட்ட நேரத்தில், பாளையங்கோட்டைச் சிறையில் அவனை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திப் பூட்டினார்கள்.