நாலாவது கம்பி

தாமோதரன் செய்த தொலைநோக்கியில் ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் நாலு முள் முளைத்திருக்கும். குழாயின் வாயில் இருக்கும் சின்னக் கண்ணாடியை அவர் நாலு தகரப் பட்டைகளால் தாங்கியிருந்தார். முள்ளெல்லாம் அந்தப் பட்டைகளின் வேலை. நண்பன் முகுந்தன் செய்ததிலோ நட்சத்திரம் வெறும் புள்ளியாக, சுத்தமாக நின்றது. அவன் வீட்டு மொட்டை மாடியில் குனிந்து பார்த்த தாமோதரனுக்கு வயிறு எரிந்தது.

"பட்டையைத் தூக்கிப் போட்டுட்டேன் தாமு. இது மெல்லிசு கம்பி. நாலும் ஒரே இழுப்புல நிக்கணும், அவ்வளவுதான்."

முகுந்தன் காபி எடுத்துவரக் கீழே இறங்கினான். தாமோதரன் ஒரு கம்பியைச் சுண்டினார். வீணைத் தந்தி. மற்ற மூன்றையும் சுண்டினார். நாலும் ஒரே ஸ்வரத்தில் பேசின. மேல் ஸ்தாயி என்றாலும் அவருக்கு அது பழகிய நாலரைக் கட்டை. அவர் மனைவி கோமளா தினமும் வீணையை மடியில் வைத்ததும் சுருதி சேர்ப்பது அதில்தான்.

கடைசியாகச் சுண்டிய கம்பியின் திருகாணியை ஒரு மயிரிழை தளர்த்தினார். காபி வந்ததும் குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தார்.

வீட்டில் கோமளா வீணையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"முகுந்தன் டெலஸ்கோப்பைப் பாத்தீங்களா? எப்படி இருக்கு?"

"என்ன பெரிய டெலஸ்கோப்பு? நாலாவது கம்பி சுருதி இறங்கிக் கிடக்கு."

துணி பிடித்த கை நின்றது.

"இருக்காதே," என்றாள். "மத்தியானம் நான் சேத்துட்டு வந்தப்போகூட சரியாத்தானே இருந்துச்சு."