சிவப்பு வைரஸ்

மறுபடியும் சிவப்பு.

கம்ப்யூட்டர் திரை முழுக்க மகள் சங்கரி பளிச்சென்று தெரிகிறாள். கனடாவின் வெள்ளைச் சுவர், ஏழு மாத வயிறு, எல்லாம் தெரிகிறது. மூலையில், இவர்கள் இருவரும் தெரிய வேண்டிய சின்னக் கட்டத்தில்தான் சிவப்பு. தக்காளிச் சட்னியைக் கொட்டிவைத்த மாதிரி.

"ப்பா, எத்தன வாரமாச்சு அம்மா மொகத்தப் பாத்து? இது வைரஸேதான். யாருகிட்டயாவது காட்டுங்க."

வைரஸ்.

அவருக்குச் சுருக்கென்றது.

பணி ஓய்வில் அவரே பார்த்துப் பார்த்து வாங்கிய கம்ப்யூட்டர். துடைக்காமல் தொட்டதில்லை, உறை போடாமல் தூங்கவிட்டதில்லை. அதற்குள் முன்பின் தெரியாத எவனோ செருப்புக் காலோடு ஏறி உட்கார்ந்திருக்கிறான்.

அப்படி என்ன புதையலைக் கண்டான்? உள்ளே இருப்பதெல்லாம் கரண்ட் பில் ரசீதுகளும், சங்கரி கல்யாணப் பந்தியில் இவர் கொட்டாவி விடும் போட்டோக்களும்தான்.

"இத அனுப்புனவன் வெளங்கவே மாட்டான்" என்றார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பேச்சை அப்படித்தான் முடிப்பார்.

பக்கத்தில் மனைவி கோமதி, முந்தானையால் வாயைப் பொத்தியபடி தலையாட்டினாள்.

ஐப்பசியில் ஒரு காலை, அவள் குடித்த காபி வலது கடைவாயில் வழிந்தது. துடைத்தாள். மறுபடி வழிந்தது. மத்தியானத்துக்குள் வாய் இடது பக்கம் இழுத்துக்கொண்டது. முகவாதம் என்றார் டாக்டர். சில மாதங்களில் சரியாகலாம் என்றார். அந்த 'லாம்' இவருக்குப் பிடிக்கவில்லை.

சங்கரியிடம் சொல்லக் கூடாது என்றாள் கோமதி. பிள்ளைத்தாய்ச்சி, ரத்தக் கொதிப்பு வேறு. பேச்சு குழறுவதற்குப் பல் பிடுங்கியதாக ஒரு கதை.

பெற்ற மகளிடம் என்ன மறைப்பு என்று இவர் கத்திப் பார்த்தார். வாயால் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. கேமரா சரியானால் அவளே பார்த்துக்கொள்வாள் என்று உள்ளுக்குள் கணக்குப் போட்டார். அந்தக் கேமராவும் சதி செய்தது. கோமதிக்கு முகம் இழுத்த அதே வாரம்தான் வைரஸும் வந்தது.

கெட்ட நேரம் என்றால் எல்லாம் சேர்ந்துதான் வரும் என்று நினைத்துக்கொண்டார். அவ்வளவுதான் அவர் மூளை.

இன்டர்நெட் வயரைப் பிடுங்கினார். ஆன்டிவைரஸ் காலையிலிருந்து மத்தியானம்வரை ஓடி, ஒன்றும் இல்லை என்றது.

"இல்லைன்னு சொல்லாத. எனக்குத் தெரியலைன்னு சொல்லு!"

திரையோடு சண்டை போட்டு யார் ஜெயித்தார்கள்? சிபியூவை மட்டும் கழற்றி, ஸ்கூட்டரில் முன்னால் நிற்கவைத்து, கடைக்குக் கொண்டுபோனார். கடைக்காரர் இரண்டு நாள் வைத்திருந்தார்.

"கல்லு மாதிரி இருக்கு, சார்."

"கல்லு மாதிரிதான்யா இருக்கு. அதத்தான் நானும் சொல்லுதேன்!"

வெள்ளிக்கிழமை திரும்பக் கொண்டுவந்து, மேசைக்கடியில் தவழ்ந்து, வயர்களை மாட்டிவிட்டு எழுந்தார். அப்போதுதான் பார்த்தார்.

மானிட்டர் தலையில் கவ்வியிருந்த கேமராவில் ஒரு குங்குமப் பொட்டு.

ஆயுத பூஜைக்கு அவர் வைத்த பொட்டுகள் வீடு முழுக்க இருக்கின்றன. சிபியூவில், கீபோர்டில், மோடத்தில், மிக்சியில், ஸ்கூட்டரில். அடுத்த பூஜைவரை யாரும் அழிக்க மாட்டார்கள். பொட்டு இருக்கிற வீட்டில் இன்னொரு பொட்டு யார் கண்ணில் படும்?

ஆனால் இந்தப் பொட்டு, கேமராவின் கண்மேலேயே இருந்தது.

வைரஸ் என்று ஊரெல்லாம் ஏசியது யாரை? தன்னையேதான். தலையில் அடித்துக்கொண்டு வேட்டி நுனியால் துடைத்தார். கம்ப்யூட்டரைப் போட்டதும் கட்டத்தில் அவர் முகம் வந்து நின்றது, வியர்வையும் அசட்டுச் சிரிப்புமாக.

"ஏட்டி கோமதி! வைரஸும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. பூஜையில நான்தான் கண்ணுலயே பொட்டு வச்சுத் தொலச்சிருக்கேன்!"

அடுப்படியிலிருந்து "அப்படியா" என்று மட்டும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை.

இன்று மகள் அம்மாவைப் பார்த்துவிடுவாள். நல்லதுதான். சட்டையை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்து கம்ப்யூட்டரைப் போட்டார்.

சிவப்பு.

நிமிர்ந்தார். கேமராவின் கண்ணில் பொட்டு. புதிது. குழைத்த ஈரம் இன்னும் காயவில்லை.

"ஏட்டி..."

அடிவயிற்றிலிருந்து கிளம்பிய சத்தம் பாதியில் நின்றது. கோமதி வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் நெற்றிப் பொட்டு ஓரமாக, புருவத்தை இடித்துக்கொண்டு இருந்தது. ஐப்பசியிலிருந்தே அப்படித்தான். கண்ணாடி பார்ப்பதை அவள் நிறுத்திவிட்டாள்.

கேமராவில் இருந்த பொட்டு மட்டும் அச்சில் வார்த்த மாதிரி, நட்ட நடுவில், வட்டமாக இருந்தது.

மணி அடித்தது. சங்கரி.

கேமராவில் பொட்டின் ஓரத்தில் மயிரிழை அளவுக்கு வெளிச்சம் கசிந்தது. அவர் எழுந்தார். விரல் நுனியால் குங்குமத்தை மெல்ல அந்தப் பக்கம் நகர்த்தி, ஒத்திவிட்டு உட்கார்ந்தார். பிறகு பட்டனை அமுக்கினார்.

"ப்பா, சரியாயிட்டா?"

"எங்க! பொல்லாத வைரஸா இருக்கு. உன் பிரசவம் முடியுற வர போகாது போல."

"என்னப்பா இது..."

வழக்கமாக ஏசும் இடம் வந்தது. அவர் விரலைப் பார்த்தார். சிவந்திருந்தது.

"இத அனுப்புனவன்" என்று தொடங்கினார்.

"நல்லா இருக்கட்டும்."

பக்கத்தில் முந்தானை மெல்ல இறங்கியது. இடது பக்க உதடு மட்டும் சிரித்தது.