ஏழாம் பந்தி

“கனடியத் தமிழர் வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்பட வேண்டிய அறிவித்தல் ஒன்றை இப்போது விடுக்கிறேன். அனைவரும் கைத்தொலைபேசிகளை நிறுத்திவிடவும்,” என்றார் விநாயகமூர்த்தி.

வரலாறு கூடியிருந்த இடம், டோர்செட் பார்க்கில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் நிலக்கீழ் மண்டபம். பக்கத்து அறையில் உடுப்புத் துவைக்கும் இயந்திரங்கள் உறுமிக்கொண்டிருந்தன. வந்திருந்தவர்கள் பதினொரு பேர். விநாயகமூர்த்தி தலைவராக இருக்கும் சங்கத்தின் பெயர் கடிதத்தாளில் இரண்டு வரி நீளம்; அங்கத்தவர் பட்டியல் அதைவிடக் கொஞ்சம்தான் நீளம்.

2009 மே மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை. முள்ளிவாய்க்காலில் ஒரு துண்டுக் கடற்கரைதான் மிச்சம் என்று வானொலி சொல்லிக்கொண்டிருந்தது.

அறிவித்தல் இதுதான்: செவ்வாய்க்கிழமை காலை, தொகுதியின் எம்.பி. சங்கத்தாருக்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறாராம். ஆகவே அவரிடம் கையளிக்க வேண்டிய மனு இன்றே, இங்கேயே, பந்தி பந்தியாக, வரிக்கு வரி வாசித்து நிறைவேற்றப்பட வேண்டும்.

தலைவர் தும்மினாலும் கைதட்டுகிற கூட்டம் அது. அன்றைக்குத் தட்டவில்லை. எம்.பி.க்குப் பக்கத்தில் நின்று படம் எடுப்பது யார் என்ற யோசனையாக இருக்கலாம்.

முன்வரிசையில் கிளடிஸ் இருந்தாள். கையில் நாலாக மடித்த தாள். அதில் அவளுடைய தம்பி யோசப்பின் பெயர், வயது, அடையாள அட்டை இலக்கம். முள்ளிவாய்க்காலில் இருந்து அவன் கடைசியாகப் பேசி இரண்டு கிழமை. காலில் காயம், மருந்தில்லை என்றிருந்தான். கனடா அரசாங்கம் செஞ்சிலுவைச் சங்கத்திடம் ஒரு வார்த்தை சொன்னால் அவனை வெளியே எடுக்கலாம் என்று அவள் நம்பினாள். கணவன் அருள்நாயகம் லொறியில் சாமான் ஏற்றிக்கொண்டு மொன்றியல் போயிருந்ததால் தனியாகத்தான் வந்திருந்தாள். வந்தாள் என்பதும் சரியில்லை; விநாயகமூர்த்தியின் மனைவி அவளுடைய வீட்டு வாசலுக்கே போய்க் கையோடு கூட்டிவந்திருந்தாள்.

“அண்ணை, என்ர தம்பியின்ர பேரை முதல்ல போடுங்கோ. போட்டிட்டு இண்டைக்கே எம்.பி.க்கு ஃபாக்ஸ் அடியுங்கோ. செவ்வாய் வரைக்கும் அவன் தாங்கமாட்டான்.”

“ஓம் தங்கச்சி. அது ஏழாம் பந்தியில வருது. ஒழுங்குமுறை எண்டு ஒண்டு கிடக்கு. முதலாம் பந்தியில துவங்குவம்.”

முதலாம் பந்தியில் ‘கவலை’ என்று போடுவதா, ‘ஆழ்ந்த கவலை’ என்று போடுவதா என்பதற்கு நாற்பது நிமிடம் போயிற்று. ‘ஆழ்ந்த’ வென்றது. இரண்டாம் பந்தியில், போன ஞாயிறு தமிழர் ஆர்ப்பாட்டத்தில் கார்டினர் நெடுஞ்சாலையை மறித்ததற்காக வாகன ஓட்டிகளிடம் வருத்தம் தெரிவிப்பதா, தெரிவித்தால் எத்தனை வரி என்ற பிரச்சினை எழுந்தது. மனுவின் பிரதியை எதிர்க்கட்சிக்கும் அனுப்பினால் ஆளும் கட்சி கோபிக்கும், அனுப்பாவிட்டால் அடுத்த தேர்தலில் ஆட்சிக்கு வரப்போகிறவர்கள் கோபிப்பார்கள் என்று ஒருவர் எச்சரித்தார். இருவருமே இதுவரை சங்கத்தைத் திரும்பிப் பார்த்ததில்லை என்பதை யாரும் குறிப்பில் ஏற்றவில்லை.

உபதலைவி வேரோனிக்கா எழுந்தாள். “பிரெஞ்சிலயும் ஒண்டு குடுக்கவேணும். இல்லாட்டிக் கியூபெக் எம்.பி.மார் வாசிக்கமாட்டினம்.”

“ஆர் எழுதுறது?”

“என்ர மகள் கிரேட் நைனில பிரெஞ்சு எடுத்தவள்.”

“பாஸோ?”

வேரோனிக்கா கொஞ்சம் யோசித்தாள். “எடுத்தவள்,” என்றாள்.

சிரிக்க வேண்டிய இடம். யாரும் சிரிக்கவில்லை.

மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. நாலாம் பந்தியை மறுபடி வாசிக்கலாம் என்று தலைவர் சொன்னபோது கிளடிஸ் எழுந்து கதவை நோக்கி நடந்தாள்.

“எங்க போறீர்?” வேரோனிக்கா கதவில் சாய்ந்து நின்றாள்.

“நானே எம்.பி.யின்ர ஒஃபிசுக்குப் போறன். பூட்டியிருந்தா வாசல்ல இருப்பன்.”

“நீர் போனா கோரத்துக்கு ஆள் காணாது. தீர்மானம் செல்லாது.”

கிளடிஸ் திரும்பித் தலைவரைப் பார்த்தாள். குரல் உயரவில்லை.

“அங்க சனம் சாகுது. நீங்கள் இங்க கமா போடுறியள். உங்களுக்கு என்ர தம்பி ஆர் அண்ணை? ஏழாம் பந்தி. உங்கட வீட்டில ஒண்டு போயிருந்தா முதலாம் பந்தியில வந்திருக்கும்.”

விநாயகமூர்த்தி கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு நாலாம் பந்தியைத் தொடக்கத்திலிருந்து, ஒவ்வொரு சொல்லாக, வாசித்தார். ஐந்தாம் பந்தியையும் அப்படியே. கிளடிஸ் சுவரோரம் நின்றபடி அழுதாள்.

ஆறாம் பந்தியின் நடுவில் கதவு திறந்தது. மொன்றியலில் இருந்து எங்கும் நிறுத்தாமல் ஓட்டிவந்த களைப்போடு அருள்நாயகம் நின்றார். அவருக்குப் பின்னால் பங்குத் தந்தை.

“கூட்டம் முடிஞ்சுது,” என்றார் விநாயகமூர்த்தி.

யோசப் செத்துப்போன செய்தி வவுனியாவிலிருந்து காலை எட்டு மணிக்கே அவருக்கு வந்திருந்தது. கணவன் வந்துசேரும்வரை கிளடிஸைத் தொலைபேசிக்கு எட்டாமல் வைத்திருக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி கூட்டம் போடுவது.

செவ்வாய்க்கிழமை எந்த எம்.பி.யும் யாரையும் சந்திப்பதாக இல்லை.